ஒரு துண்டு ஒயர்

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 1954-இல் வந்தது. மூன்று பிக்கப், இரண்டு டோன் குமிழ். கழுத்துப் பக்கத்துக்கு ஒன்று, நடுவில் இருப்பதற்கு ஒன்று. காதைக் கிழிக்கிற பிரிட்ஜ் பிக்கப்புக்கு மட்டும் பட்டை நாமம்! அன்றைய மூல ஒயரிங் அப்படி. இன்றும் பல மாடல்களில் அதேதான்.

போன ஞாயிறு என் கிட்டாரின் பிக்கார்டைக் கழற்றினேன். செலக்டர் சுவிட்சில், டோன் பக்கம், பிரிட்ஜுக்கான முனை சும்மா கிடந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஒயரால் அதைப் பக்கத்து நடு பிக்கப் முனையோடு சேர்த்து ஈயம் வைத்தேன். அவ்வளவுதான். இரண்டாவது குமிழ் இப்போது இரண்டுக்கும் வேலை செய்கிறது. கொஞ்சம் இறக்கினால் போதும், கீச்சல் அடங்கிக் கம்பியின் கனம் தெரிகிறது.

டோன் கப்பாசிட்டரையும் 0.047-இலிருந்து 0.022 மைக்ரோஃபாரடுக்கு மாற்றினேன். குமிழை முழுக்க இறக்கினாலும் ஒலி மந்தமாகிப் போவதில்லை. பழங்கால எண்ணெய்க் காகிதக் கப்பாசிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் தண்டம். அளவுதான் முக்கியம், மேலுறை அல்ல.

செய்து பார்க்க நினைப்பவர்கள், ஈயத்தில் கை வைக்குமுன் பழைய ஒயரிங்கை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.