ரயில் பெட்டிப் பள்ளிக்கூடமும் வட்டகொடை மாணவியும்

சென்ற 2024 ஆகஸ்டு விடுமுறையில் ஹட்டன் நகரிலே உயர்தர வகுப்பு மாணவர்க்கென நடைபெற்ற தமிழ்க் கருத்தரங்கு ஒன்றிற் பேசுவதற்காகக் கண்டியிலிருந்து நான் சென்றிருந்தேன். பேச்சு முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபொழுது மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி அருகே வந்தாள். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிப்பவள். தாய் கொழுந்து பறிக்கிறாள், தந்தைக்குத் தொழிற்சாலையிலே வேலை. "சேர், டோட்டோ சான் புத்தகம் அச்சில கிடைக்குமா? நான் போன்லதான் படிச்சேன். பாதியில பக்கம் இல்ல" என்றாள்.

அந்நூலை அறியாத வாசகர்க்கு ஒரு வார்த்தை. ஜப்பான் நாட்டுத் தொலைக்காட்சிக் கலைஞரான டெட்சுகோ குரோயானகி அம்மையார் தம் பள்ளிப் பருவ நினைவுகளை எழுதி 1981ஆம் ஆண்டு வெளியிட்டது அது. குறும்புத்தனம் பொறுக்காமல் ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, டோக்கியோவில் டொமோயே என்னும் வேறொரு பள்ளியிற் சேர்கிறாள். அங்கே வகுப்பறைகள் ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகள்! கோபயாஷி என்னும் தலைமை ஆசிரியர், முதல் நாளிலேயே அவள் பேச்சை மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 1945ஆம் ஆண்டு குண்டுவீச்சில் அப்பள்ளி எரிந்தழிகின்றது. டோரதி பிரிட்டன் என்பார் அதனை ஆங்கிலமாக்கினார். தமிழில் டில்லி நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ஆசிரியத் தொழில் செய்வோர் அதைப் படித்துவிட்டுத் தம் வகுப்பறைக்கு மறுநாள் செல்வது சற்றுக் கடினந்தான். எனக்கு அவ்வனுபவம் உண்டு.

"பார்க்கிறேன், அம்மா" என்று சொல்லி வந்துவிட்டேன். சொல்லுவது எளிதாயிருந்தது.

கண்டியில் நான் அறிந்த புத்தகசாலைகளில் அந்நூல் இல்லை. கொழும்பிலே ஒருவர், சென்னையிலிருந்து வரும் அடுத்த பொதியிற் சேர்த்து எடுத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டார். அடுத்த பொதி நவம்பரில் வந்தது. அட்டையிற் கண்ட இந்திய விலையை அவர் ஐந்தாற் பெருக்கினார். அந்நாளில் ஓர் இந்திய ரூபாய் நம் ரூபாய் மூன்றரைக்கு அண்மையில் இருந்தது. எஞ்சியது கப்பற்கூலி, சுங்கத் தாமதம், விற்காமல் நின்றுவிடும் பிரதிகளின் நட்டம் என்று கணக்குச் சொன்னார். அவரைக் குறைகூற என்னால் இயலவில்லை. 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியபோது, கடதாசி இல்லாமையால் மேல் மாகாணத்துப் பள்ளித் தேர்வுகளே ஒத்திவைக்கப்பட்ட நாடல்லவா இது! தபாற் செலவும் சேர்த்து நான் கொடுத்த தொகை 1100 ரூபாய்.

இந்த அலைச்சல் நமக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்தேன். ஜேர்மனியில் வாழும் என் பழைய மாணவன் ஒருவனுக்கு இதை எழுதியபோது அவனும் தன் கதையைச் சொன்னான். ஜப்பானிலே இளைஞருக்கென்று கையடக்க அளவிற் படங்களோடு தொடர்தொடராக வெளிவரும் 'லைட் நாவல்' என்னும் சிறுநாவல்களில் அவனுக்குப் பெரும் பித்து. அவன் விரும்புவன பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலேதான் கிடைக்கின்றனவாம். அவற்றை அச்சிடுவதோ அமெரிக்காவில். முன்னர் இங்கிலாந்துக் கடைகளிலிருந்து தடையின்றி வருவித்தான். 2021இல் அந்நாடு ஐரோப்பியச் சந்தையை விட்டு நீங்கிய பின் பொதிகளுக்குச் சுங்கப் பத்திரமும் வரியும் வந்து சேர்ந்தன. தபாற்கூலி வாங்காமல் உலகெங்கும் நூல் அனுப்பிவந்த 'புக் டிபாசிட்டரி' என்ற நிறுவனமும் 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. "பதினொன்றாம் பாகம் இருக்கிறது, பன்னிரண்டாம் பாகம் கடலில் நிற்கிறது" என்று எழுதியிருந்தான். பெர்லினிலிருந்தாலென்ன, வட்டகொடையிலிருந்தாலென்ன, பிறமொழிக் கதையொன்றிலே மனத்தைப் பறிகொடுத்தவன் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டும் போலும்.

டிசம்பர் விடுமுறையில் நூலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புகையிரதம் ஏறினேன். நாவலப்பிட்டியைக் கடந்ததும் வண்டி பெருமூச்சு விட்டு மலையேறத் தொடங்குகின்றது. இப்பாதை 1884இல் ஹட்டனையும் அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. கீழே தேயிலைப் பெட்டிகளையும் மேலே அரிசி மூட்டைகளையும் கொண்டுசெல்வதற்காக இட்ட பாதை. புத்தகம் அதன் கணக்கில் இருந்ததில்லை. வட்டவளையில் மழை பெய்துகொண்டிருந்தது. வட்டவளையில் மழை பெய்யாத ஒரு நாளை நான் இன்னும் கண்டிலேன்.

ஹட்டனில் இறங்கி, அடுத்த வண்டிக்கு இருந்த இரண்டு மணி நேரத்தில் கடைத்தெருவைச் சுற்றினேன். எனக்கும் ஒரு தேடல் இருந்தது. வட்டகொடைக்கு அயலிலுள்ள மடக்கொம்பரையில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், தோட்டத் தொழிலாளரின் வாழ்வைக் கவிதையாகப் பாடினார், பாடியது ஆங்கிலத்தில். 1950களில் வெளியான அந்நூலைச் சக்தி பாலையா தமிழாக்க, 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் 1969இற்றான் அது கண்டியிலே அச்சேறிற்று. எவருடைய வியர்வையைப் பாடினாரோ, அவர்கள் தம் கதையைத் தம் மொழியிற் படிக்க அத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. ஜப்பானியச் சிறுமியின் கதை ஆங்கிலத்தின் வழியாக வந்தது வியப்பன்று. மடக்கொம்பரையின் கதையும் வட்டகொடைக்கு அவ்வழியாகவே வந்ததென்பதுதான் என்னை உறுத்திற்று. இரண்டு நூலையும் ஒன்றாக அவள் கையிற் கொடுத்துவிட வேண்டுமென்பது என் ஆசை.

கடைகளில் இருந்தவை எவை? பயிற்சிக் கொப்பிகள், புலமைப்பரிசில் வினாத்தாள்கள், சோதிட மாத இதழ்கள், வரும் ஆண்டின் கலண்டர்கள். ஒரு கடையில் மட்டும் அடித்தட்டிலே பழைய வீரகேசரிப் பிரசுர நாவல்கள் நான்கைந்து தூசி படிந்து கிடந்தன. 1970களில் இந்திய நூல்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நம் நாட்டிலேயே மலிவாக அச்சிடப்பெற்றவை. வேலுப்பிள்ளையின் நூலைக் கேட்டேன். முதியவரான கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எங்கள் ஊர்ப் புத்தகந்தான், ஐயா. அதனாற்றான் இங்கே இல்லை. இருந்த பிரதிகளையெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார்.

அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. ஹட்டனிலிருந்து தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசையர், அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்திற் சென்று நிலைமையை அறிந்தார் என்பது மலையகத்தில் யாவரும் சொல்லும் செய்தி. அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940இல் தம் பாட்டுக்களைச் சிறு நூலாக அச்சிட்டு, கூட்டங்களிலே பாடியும் பரப்பினார். புத்தகக்கடை தோட்டத்திற்குள் வரமுடியாத காலத்திற் பாட்டே புத்தகத்தைச் சுமந்து சென்றது. இன்று தடை எதுவுமில்லை. தோட்டத்து வாயில்வரை பேருந்து போகின்றது. எனினும் புத்தகம் வரக் காணோம்.

சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து, கொட்டகலை, தலவாக்கலை நிலையங்களைத் தாண்டி வட்டகொடையில் இறங்கியபொழுது பிற்பகல் மூன்று மணி. தந்தையும் மகளும் நிலையத்திலேயே குடையுடன் நின்றிருந்தனர். லயத்து வீட்டின் முன்னறையில் எனக்கென ஒரு நாற்காலி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. சாயம் மிகுந்த தேநீர் வந்தது. ஏற்றுமதிக்குப் போவதைக் காட்டிலும் அதற்கு ருசி அதிகம் என்று நான் சொன்னதை அவர்கள் உபசாரமாக எடுத்துக்கொண்டார்கள், உண்மையைத்தான் சொன்னேன்.

நூலைக் கொடுத்தேன். மாணவி அதை மடியில் வைத்து, விடுபட்ட பக்கம் எதுவோ அதைத்தான் முதலிலே தேடினாள். தந்தை விலையைக் கேட்டார். அன்பளிப்பென்று சொன்னேன்.

"அப்படி வேணாம் சேர். காசை வாங்கிக்கிட்டாத்தான் அடுத்த புத்தகத்தை அது வாய் திறந்து கேக்கும்" என்றார்.

மறுக்க முடியாத வாதம்! 1100 ரூபாய் என்றேன். "ஒரு பேருக்குக் கொஞ்சம் குறைவு" என்று தாய் அடுப்படியிலிருந்து சொன்னாள். தோட்டத்திலே 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. அதன் கூலி 2021 முதல் 1000 ரூபாயாயிருந்து, 2024 செப்டம்பரில் 1350 ஆயிற்று. ஆண்டுதோறும் புத்தகம் வாங்குவதற்கென நான் ஒதுக்கும் பணத்தை ஒரு முறையேனும் இவ்வாறு நாட்களாக மாற்றிப் பார்த்ததில்லை. தந்தை பணத்தை இரு கைகளாலும் கொடுக்க, நானும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

"இது ஜப்பான்ல இருந்து நேரா தமிழுக்கு வந்ததா, சேர்?" என்று மாணவி கேட்டாள். இல்லை, ஆங்கிலத்தின் வழியாக என்றேன். பின்னர் மடக்கொம்பரைக் கவிஞரைப் பற்றிச் சொன்னேன். அவ்வூரிலே அவளுக்கு அத்தை ஒருத்தி இருக்கிறாளாம். பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாள், நூலைக் கண்டதில்லை. அச்சுப் பிரதி அகப்படும்வரை நம் நாட்டு நூல்களைப் படியெடுத்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளத்திற் பார்க்கலாமென்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடியும் அந்தச் சிறு திரையா என்று தோன்றவே, சற்றுத் தயங்கியே சொன்னேன்.

"அதையும் எழுதிக்குங்க, சேர். எத்தன பேர் ஆனாலும் பரவால்ல" என்றார் தந்தை. நாட்குறிப்பை எடுத்து எழுதிக்கொண்டேன்.

மாலை வண்டி நாற்பது நிமிடம் பிந்திற்று. வழியனுப்ப வந்த மாணவியின் கையில் நூல் இருந்தது. அதற்குள் பழைய கலண்டர்த் தாளால் உறையிட்டு, பாடசாலைக் கொப்பிகளுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு ஒன்றையும் ஒட்டியிருந்தாள். பெயர், வகுப்பு இரண்டும் எழுதப்பட்டிருந்தன. பாடம் என்ற இடத்தை மாத்திரம் வெறுமையாக விட்டிருந்தாள்.