நான்கு கதவு ஹெரால்டு

சென்ற ஞாயிறன்று மயிலையிலிருந்து குடும்ப சகிதமாய் அடையாறு சென்றோம். அங்கே பழைய மோட்டார் வண்டிகளின் காட்சி. சீமை வண்டிகளைச் சுற்றியே ஜனக் கூட்டம். நாமோ மூலையில் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன் நின்றுவிட்டோம். 1961 முதல் வண்டலூரில் உருவானது. வடிவம் வகுத்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவுகள், நான்காக்கியவர்கள் நம்மவர்களே. (நம் பாட்டிமார் பின் ஆசனத்தில் ஏற வேண்டாமா!)

உடைமைக்கார வாலிபர் மட்கார்டுகளோடு முன்மூடி முழுவதையும் தூக்கிக் காட்டினார். எஞ்சின் பளபளத்தது. நம் தமக்கையின் கலியாணத்துக்காக விற்ற வண்டியும் இதே வெள்ளை நிறந்தான். விற்றவரான நம் தந்தையார் ஒன்றும் பேசவில்லை.

“உட்காருங்கள், ஐயா” என்றார் வாலிபர்.

எண்பது வயதுக் கிழவர் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்து கியரைத் தொட்டார். காப்பிக்கு அழைத்தோம், இறங்கவில்லை.