இரண்டு கிராமுக்குக் கீழே

காது குத்த யார் வந்தாலும் கம்மலைப் பற்றிப் பேசுமுன் குழந்தையின் காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்க்கிற ஆசாரி ஒருவர் திருவேங்கடத்தில் இருக்கிறார் என்று சங்கரன்கோவில் நண்பர் சொன்னார். கேட்டதும் கிளம்பிவிட்டேன்.

எழுபதைத் தாண்டியவர். நான் போன நேரத்தில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"தாயி, காது ரொம்ப நொய்யா இருக்கு. இப்ப வளையம் போடு. ஜிமிக்கியெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம்."

"எங்க அண்ணன் ஜிமிக்கிதான் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கான் தாத்தா."

"தாய்மாமன் ஆசைக்குப் பிள்ளை காதா அறுபடணும்?"

உருக்குவதும் பற்றவைப்பதும் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கம்பி இழுப்பதை மட்டும் கண் எடுக்காமல் பார்த்தேன். கம்பியச்சு என்பது ஒரு இரும்புப் பட்டை. அதில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாகத் துளைகள். தங்கக் கம்பியின் முனையை அரத்தால் ராவிக் கூராக்கித் துளையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பிடித்து இழுக்கிறார். ஒவ்வொரு துளைக்கும் கம்பி மெலிகிறது. மெலிய மெலிய விறைக்கிறது. உடனே நெருப்பில் காட்டி இளக்கி, அடுத்த துளைக்குப் போகிறார். எந்தத் துளையோடு நிறுத்துவது என்பதைத்தான் அந்தக் காது மடல் தீர்மானிக்கிறது. கம்பி அளவுக்கு மீறி மெலிந்தால் நாளடைவில் மடலை அறுத்துவிடும். தடித்தால் குத்தும்போதே புண்ணாகும்.

குத்திய பிறகு அந்தப் பெண்ணிடம் அவர் சொன்னது இதுதான்: ஒன்றரை மாதம் கழற்றாதே. கை கழுவாமல் தொடாதே. பொருக்குத் தட்டினால் பிய்க்காமல், காய்ச்சி ஆற வைத்த உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்று. சீழ் வைத்தாலோ காது வீங்கினாலோ என்னிடம் வராதே, டாக்டரிடம் போ. பின்னால் திருகு வைத்த கம்மல் போட்டால் சுரையை மடலோடு நெருக்காதே. கவரிங் இப்போது வேண்டாம். அதில் கலந்திருக்கும் நிக்கல் பலருக்கு அரிப்பைக் கிளப்பும்.

அவருடைய அப்பா, காதில் தொங்கும் பாம்படம் செய்தவர். மெல்லிய பொன் தகட்டில் உருவம் அடித்து, உள்ளே அரக்கு நிரப்புகிற வேலை. காது குத்தி, துளையை இழுத்துப் பெரிதாக்கும் குணுக்குப் போட்டுத் தோள் வரை காது வளர்த்த கிழவிகள் கரிசல் கிராமங்களில் இப்போது அரிது. பலர் தொங்கும் காதை ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்துக்கொண்டு, பாம்படத்தைப் பேத்திகளின் கம்மலுக்காக உருக்கக் கொடுத்தார்கள். அப்பா செய்ததை உருக்கும் வேலை மகனிடமே வந்தது. "அரக்கு உருகி வழியும்போது அப்பா பட்டறை வாசம் அடிக்கும்" என்றார்.

1963 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டில் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றானது. நாடெங்கும் ஆசாரிகள் பிழைப்பை இழந்தார்கள், தற்கொலைகளும் நடந்தன. பள்ளிக்கூடப் பையனாக இருந்த இவர் அந்த வருடங்களில் சாப்பாடு இல்லாத ராத்திரிகளைக் கண்டிருக்கிறார். 1966இல் தடை தளர்ந்தது. சட்டம் முழுதாகப் போனது 1990இல்தான். அதற்குள் பெரிய கடைகள் எழுந்துவிட்டன. இன்று கடைக்காரர் செய்கூலி தனி, சேதாரம் தனி என்று பில் போடுகிறார். மெஷினில் அடித்த கம்மலுக்கும் சேதாரம்! உட்கார்ந்து செய்கிற ஆசாரியோ ராவும்போது சிந்திய பொடியைக்கூடக் கூட்டி அள்ளி எடைக்குக் கணக்குக் கொடுக்கிறார். அவர் வீணாக்காத தங்கத்துக்கு நாம் காசு கொடுக்கிறோம், அந்தக் காசும் அவர் கைக்குப் போகவில்லை. இதைக் கொள்ளை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தங்கத்தின் தரத்துக்கான முத்திரையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2021 ஜூனில் ஹால்மார்க் என்கிற அந்த முத்திரை கட்டாயமாகத் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடும் வேண்டும். ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. குழந்தைக்கு முதன்முதலில் போடும் கம்மல் பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கும். தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் சீட்டுக் கட்டி வாங்குகிறவளுக்கு அரசாங்க முத்திரையின் காவல் இல்லை. கனத்த ஆரம் வாங்குகிறவருக்கு இருக்கிறது. இந்த விலக்கை எடுத்தே ஆக வேண்டும். அதுவரை சந்தேகம் உள்ளவர்கள் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் கட்டணம் கட்டி, தங்கள் நகையின் தரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "தாத்தா உரைச்சுக் காட்டிட்டாக, எனக்கு அது போதும்" என்றாள்.