நிறம் மாறிய படலம்: பட்டறைக் குறிப்புகள்

எலக்ட்ரான் பீமால் ஆவியாக்கி வேஃபர் மேல் படியவிட்ட அலுமினியம் கண்ணாடியாய் மின்னாமல் பால் பூத்தாற்போல் வெளிறி வந்தால் உலோகத்தை முதலில் சந்தேகிக்க வேண்டாம். சேம்பரில் தங்கிய ஈரத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தம் 10⁻⁶ டார் என்றால் நல்ல வெற்றிடம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்த அழுத்தத்திலும் மோதும் மூலக்கூறுகளெல்லாம் ஒட்டினால் ஏறக்குறைய ஒரே நொடியில் பரப்பு முழுக்க ஓரடுக்கு மூடிவிடும். நொடிக்கு 0.1 நானோமீட்டர் வேகத்தில் அலுமினியத்தைப் படியவிட்டால், வந்து சேரும் அலுமினிய அணுக்களும் மோதும் நீராவி மூலக்கூறுகளும் கிட்டத்தட்ட சம எண்ணிக்கை. வேகத்தை 1 நானோமீட்டருக்கு மேல் ஏற்றினால் படலம் தெளியும். அதற்கு முன் நெடுநேரம் பம்ப் ஓடட்டும்.

வேஃபர் சூடேறினாலும் வெளிறும். துகள்கள் பெருத்து ஒளியைச் சிதறடிக்கும். இது நிறமே அல்ல, சொரசொரப்பு.

பழுப்பு வேறு கதை. அலுமினிய ஆக்சைடு நிறமற்றது. பழுப்போ கறுப்போ வந்தால் கரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிராஃபைட் லைனரோடு உருகிய அலுமினியம் வினைபுரியும், சுவரேறி வழியும். ரெசிஸ்ட் எனும் பாலிமர் பூசிய வேஃபர் என்றால் சிதறிவரும் எலக்ட்ரான்களும் வெப்பமும் அதைச் சிதைத்து வாயு கக்க வைக்கும்.

டைட்டானியம் பொன்னிறமாகவோ நீலமாகவோ வந்தால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளே புகுந்திருக்கலாம்; கசிவு சோதனை செய்க. எனக்கு மிகப் பிடித்த வைத்தியமும் இந்த உலோகத்திடமே இருக்கிறது. ஷட்டரை மூடிவைத்துக் கொஞ்சம் டைட்டானியத்தை ஆவியாக்கினால், அது சுவரில் படிந்து மிச்ச வாயுக்களை விழுங்கும். அழுத்தம் இறங்குவது மீட்டரிலேயே தெரியும். பிறகு ஷட்டரைத் திறக்கலாம்.

தங்கம்: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய படலம் பச்சையாய்த் தெரிவது பழுதல்ல, அதன் இயல்பு. அடியில் குரோமியம் இருந்து, பிறகு சூடாக்கியதும் மங்கினால், குரோமியம் துகள் எல்லைகள் வழியே மேலேறி ஆக்சைடாகியிருக்கும். அலுமினியத்தின் மேல் தங்கம் ஊதாவானால் இரண்டும் கூடிய சேர்மம் அது. எந்த வெற்றிடமும் காப்பாற்றாது, நடுவே தடுப்பு அடுக்கு வேண்டும்.

வேற்றுப் பொருள் கலந்தும் நிறம் மாறலாம்; அதனால் பீம் ஓரம் தள்ளிப்போய் குரூசிபிள் விளிம்பையோ செம்பு அடுப்பையோ தொடுகிறதா என்பதை, எலக்ட்ரான் உமிழும் இழையை மாற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் வேஃபருக்குப் பக்கத்தில் வெறும் கண்ணாடித் துண்டு ஒன்றை வையுங்கள். கண்ணாடியில் பளிச்சென்றும் வேஃபரில் மட்டும் கறுப்பாகவும் வந்தால் சேம்பரை விட்டுவிட்டு ரெசிஸ்டைப் பாருங்கள். இரண்டிலும் மங்கினால் பம்பையும் மூல உலோகத்தையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.