குறைவு: ரூ. 60

ஆனந்த மேளா முடிந்த சாயங்காலம் ஐந்தாம் வகுப்பு அறைக் கதவைச் சாத்திவிட்டு எண்ண உட்காருவோம். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, தரையில் பழைய போர்வை ஒன்றை விரித்து, கடை கடையாக டப்பாக்களைக் கவிழ்ப்போம். மஞ்சள் கூப்பன் ஐந்து ரூபாய், பச்சை பத்து, ரோஸ் இருபது. வெளியே தொண்ணூறடி ரோட்டில் வண்டிச் சத்தம். உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகளும் மூன்று ஆசிரியர்களும் வாய்க்குள் எண்ணுகிற முணுமுணுப்பு. தாராவியில் இருபத்தாறு வருஷம் ஆசிரியையாக இருந்தேன். அதில் பதினாலு மேளாக் கணக்கு என் கையால் எழுதியது. வகுப்பில் பாடம் நடத்தியபோது பார்த்ததைவிட, இந்தப் போர்வையைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் பிள்ளைகளை நெருங்கிப் பார்த்தேன்.

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மகாராஷ்டிரப் பள்ளிகளில் வருஷத்துக்கு ஒருநாள் பிள்ளைகளே கடை போட்டு விற்பதுதான் ஆனந்த மேளா. பேல்பூரி, வடா பாவ், வளையம் எறிகிற விளையாட்டு எல்லாம் இருக்கும். எங்கள் பள்ளியில் அவற்றோடு இட்லி, சுண்டல், முறுக்கும் உண்டு. விடிகாலையில் இட்லி அவித்து மும்பை முழுக்கக் கொண்டுபோய் விற்கிற குடும்பங்கள் தாராவியில் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இட்லிக் கடை போட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

முன்பெல்லாம் மேளாவில் வந்த காசு பிக்னிக்குக்கோ ஆண்டுவிழாவுக்கோ போய்விடும். அதை மாற்றியது 2005 ஜூலை 26. அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. சாக்கடைத் தண்ணீர் கோலி எனப்படும் ஒற்றை அறை வீடுகளுக்குள் புகுந்தது. பத்துக்குப் பத்து அறையில் பரண்மேல் ஏற்றிவைத்தது மட்டும்தான் மிஞ்சியது. பள்ளி மறுபடி திறந்தபோது பிள்ளைகள் நனைந்து உப்பிய புத்தகங்களோடு வந்தார்கள். வராந்தாவில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல நோட்டுகளைக் காயப்போட்டோம். மை எல்லாம் ஓடி, தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பள்ளி திறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, எழுதியதெல்லாம் போனது. அந்த மழைக்குப் பிறகுதான் நோட்டு நிதி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தோம். அடுத்த ஜனவரி மேளாவில் வந்த பணம்தான் முதல் வரவு.

ஏன் ஜனவரி என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் கேட்பார்கள். இந்த வேலையில் முதலில் படிக்க வேண்டியது காலண்டர். ஆகஸ்ட், செப்டம்பரில் கணபதி வர்கணிக்கு, அதாவது விழா நன்கொடைக்கு, ஒவ்வொரு வீட்டுக் கதவும் தட்டப்பட்டிருக்கும். அதை ஒட்டி நவராத்திரி, பிறகு தீபாவளி. பிப்ரவரி, மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மே மாதம் பாதிப் பேர் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் ரயிலேறிவிடுவார்கள். மிஞ்சுவது ஜனவரிதான். தாராவியில் பொங்கலுக்குத் தெருவிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்கள். அந்த உற்சாகம் அடங்கும் முன்னே மேளாவை நடத்திவிட வேண்டும். மாதத்தின் கடைசி வாரத்தை மட்டும் தொடவே கூடாது. வாடகை கொடுக்கிற நேரத்தில் யாரிடமும் போய் நிற்கக் கூடாது.

கடைகளில் காசு புழங்கக் கூடாது என்பது எங்கள் இரண்டாவது விதி. வாசலில் ஒரே மேஜையில் கூப்பன் விற்போம். கடைக்காரப் பிள்ளை கூப்பனை வாங்கிப் பாதியாகக் கிழித்து டப்பாவில் போடும். சுண்டல் கடைக்கு நூறு தொன்னை எண்ணிக் கொடுப்போம். மாலையில் எட்டுத் தொன்னை மிச்சமிருந்தால் தொண்ணூற்றிரண்டு பச்சைக் கூப்பன் இருக்க வேண்டும். இது பிள்ளைகள்மேல் சந்தேகப்பட்டுச் செய்கிற ஏற்பாடு அல்ல. பதினோரு வயதுப் பிள்ளையிடம் ஊரார் பணத்தைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஒரு குறை வந்தால் அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்கும்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது.

ஒரு வருஷம் அப்படிக் குறை வந்தது. தொன்னை தொண்ணூற்றிரண்டு போயிருக்கிறது, கூப்பன் எண்பத்தாறுதான். மூன்று தடவை எண்ணினோம். கடை வைத்திருந்த ஏழாம் வகுப்புப் பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் கை பர்ஸுக்குப் போனது. அறுபது ரூபாய்தானே, போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் தலைமையாசிரியர் அப்போது ஓய்வுபெறும் வயதில் இருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா, உள்ளதை எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினேன்: சுண்டல் கடை, குறைவு ரூ. 60.

மறுநாள் அந்தப் பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "டீச்சர், கூப்பன் வாங்கக் காசில்லாம சின்னப் பசங்க ஆறு பேர் கடைக்கு எதிர்லயே நின்னாங்க. நான்தான் குடுத்தேன்" என்றான். அதை எங்கே எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்கு இடம் வைக்காதது எங்கள் தவறு. அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கடைத் தாளிலும் 'இலவசம்' என்று ஒரு கட்டம் போட்டோம். கடைக்குப் பத்து வரை கொடுக்கலாம், யாருக்கு என்று கேட்க மாட்டோம், எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் கணக்கை வரிவரியாக வாசிப்பது எங்கள் வழக்கம். அந்த அறுபது ரூபாயையும் வாசித்தோம். கூட்டம் கலைந்தபோது இட்லி விற்கிற ஆச்சி ஒருவர் என்னிடம் வந்தார். அதுவரை ஒரு ரூபாய்கூடத் தந்தவரில்லை. "குறைஞ்சதையும் எழுதி வச்சிருக்கியளே தாயி" என்று சொல்லிச் சுருக்குப் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்தார். அதற்கும் ரசீது போட்டேன். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்காக ஊரே சேர்ந்து கொடுப்பது நம் ஊரில் புதிய வித்தை இல்லை. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீடு வீடாகப் பிடி அரிசி எடுத்தார்கள். உலை வைக்கும் முன்னே ஒரு பிடியைத் தனியே போட்டுவைத்தால் பள்ளிக்காரர்கள் வந்து வாங்கிப்போவார்கள். வியாபாரிகள் தந்த மகமையும் பள்ளிகளுக்குப் போனது. அந்த அரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர் முதலமைச்சரான பிறகு, 1958-ல் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஊர்க்காரர்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொண்டுவந்து தங்கள் பள்ளிக்குக் கொடுத்தார்கள். தாராவியின் மூத்த தலைமுறையில் பலர் அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். பள்ளிக்குக் கொடுப்பது தர்மம் இல்லை, தன் வீட்டுச் செலவில் ஒன்று என்கிற எண்ணம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

பிடி அரிசிக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தது கும்பார்வாடா மண் உண்டியல். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறைகளாக அங்கே பானை வனைகிறார்கள். வகுப்புக்கு ஒரு உண்டியல் வாங்கி வைப்போம். சிறு பிள்ளைகளுக்கு அதை உடைக்கிற நாள்தான் திருவிழா. ஆனால் பெரியவர்கள் தருவதற்கு ரசீதுப் புத்தகம்தான். வரிசை எண்ணும் அடிக்கட்டையும் இருக்க வேண்டும், கார்பன் தாள் வைத்து எழுத வேண்டும், தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாமல் குறுக்கே கோடு போட்டுப் புத்தகத்திலேயே விட வேண்டும். தெருவில் வசூலுக்குப் போகும் பழைய மாணவர் குழுக்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். இந்த மாநிலத்தில் 1950-ம் வருஷப் பொது அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற அறக்கட்டளையின் பெயரில் வசூலித்துத் தணிக்கை செய்த கணக்கை ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் கணபதி மண்டலிகள் செய்வதுபோல அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மும்பைத் தமிழர்களின் இன்னொரு பகுதியான மாதுங்காவின் வழி வேறு. அங்கே சாரிட்டி ஷோ என்றால் கச்சேரி, நாடகம், அதற்கொரு மலர், மலருக்கு விளம்பரம். எம்.எஸ். சுப்புலட்சுமி 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடியவர். வாழ்நாள் முழுக்க நற்காரியங்களுக்காகப் பாடிச் சேர்த்துக் கொடுத்தார். 1974-ல் அவருக்கு மகசேசே விருது பொதுச்சேவைப் பிரிவில் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மும்பைத் தமிழர்களுக்கு அந்த மரபில் பெருமை உண்டு. அப்படிப்பட்ட கச்சேரிகள் நடக்கும் சண்முகானந்தா அரங்கம் 1990-ல் எரிந்துபோய், எட்டு வருஷம் கழித்து மறுபடி திறந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். செம்பூரில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் பலர் அப்படிப்பட்ட மலர்களுக்கு விளம்பரம் சேர்த்து அலைந்தவர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பெரிய நிகழ்ச்சியில் செலவு போக மிஞ்சுவதுதான் நிதி. அரங்க வாடகை, ஒலிபெருக்கி, மலர் அச்சடிப்பு எல்லாம் போன பிறகு எவ்வளவு நிற்கும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதிப் பார்க்காத குழு கடைசியில் கைக்காசு போட நேரிடும்.

வசூலைவிடக் கடினமானது கொடுப்பது. இதில் நான் செய்த ஒரு தவறை மறைக்க மாட்டேன். நிதி தொடங்கிய இரண்டாம் வருஷம், நோட்டு தேவைப்படும் பிள்ளைகளின் பட்டியலைக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசித்தேன். ஒவ்வொருவராக முன்னே வந்து வாங்கினார்கள், மற்றவர்கள் கைதட்டினார்கள். எட்டாவது பெயருக்குரிய பையன் வரிசையிலிருந்து நகரவில்லை. அடுத்த மூன்று நாள் பள்ளிக்கே வரவில்லை. நான்காம் நாள் வந்தபோது புது நோட்டோடு வந்தான். அவன் அப்பா கடன் வாங்கியிருந்தார். ஒரு குடும்பத்துக்கு உதவப் போய் அதன் கடனைக் கூட்டிவிட்டேன். அதற்குப் பிறகு பட்டியல் வாசித்ததே கிடையாது. ஐந்தாம் வகுப்பு என்றால் ஐந்தாம் வகுப்பு முழுவதற்கும் நோட்டு. வசதியுள்ளவர்கள் விரும்பினால் அதற்குரிய பணத்தை உண்டியலில் போடலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக் கட்டணத்தை அலுவலகத்தில் நேராகக் கட்டி, ரசீதைப் பெற்றோர் பெயரிலேயே வாங்கிவிடுவோம்.

ஒரு கம்பெனியிலிருந்து பை கொடுக்க வந்ததையும் சொல்ல வேண்டும். 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம், அதனால் பல பள்ளிகளில் கழிவறை வந்திருக்கிறது. ஆனால் அன்று படம் எடுப்பவர் வரத் தாமதமானதால் பிள்ளைகளை மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து நன்கொடை தர வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம்: பிள்ளைகளின் முகம் தெரிகிற படம் கிடையாது. இதைக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை.

பிள்ளைகளைப் போட்டி போட்டு வசூலிக்க வைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். நாங்கள் படித்த காலத்தில் காசநோய் ஸ்டாம்ப் தாளும், டிசம்பர் 7 வந்தால் கொடி நாள் கொடியும் தருவார்கள். அதிகம் விற்றவருக்குப் பாராட்டு, விற்காதவருக்கு முறைப்பு. நல்ல காரியம்தான். ஆனால் கார் வைத்திருக்கிற மாமா உள்ள பிள்ளைதான் எப்போதும் ஜெயிக்கும். அந்தப் பிள்ளை ஜெயித்ததில் அதன் உழைப்பு ஏதுமில்லை. வசூலுக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகள் அதை நிறுத்த வேண்டும். கணக்குச் சரியாக எழுதிய கடைக்குப் பரிசு கொடுக்கட்டும்.

2017 ஜனவரி மேளா மறக்க முடியாதது. நோட்பந்தி எனப்பட்ட பணமதிப்பு நீக்கத்தை அறிவித்து இரண்டு மாதம்தான் கழிந்திருந்தது, யாரிடமும் சில்லறை இல்லை. கடன் கூப்பன் கொடுத்து, பெயரை எழுதி வைத்தோம். பிப்ரவரிக்குள் எல்லாக் கடனும் வந்து சேர்ந்தது, ஒன்றுகூட நிற்கவில்லை. இப்போது வாசல் மேஜையில் க்யூஆர் அட்டை இருக்கிறது. வசதிதான். அது பள்ளிக் கணக்குக்குரிய அட்டையா, யாராவது ஆசிரியரின் சொந்த போன் எண்ணுக்குரியதா என்று பார்த்துவிடுங்கள். எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் சொந்தக் கணக்கில் பொதுப்பணம் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. போனில் காசு வந்தாலும் கூப்பன் கிழிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். போர்வையைச் சுற்றி உட்கார்ந்து எண்ணுவதற்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டும்.

இப்போது இந்தப் பொறுப்பை எடுத்திருக்கும் இளைய ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியில் சேர்ந்த பணம் மே வரை வங்கியில் கிடக்கட்டும், காசோலையில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். ஆனால் நோட்டு வாங்க ஜூன் வரை காத்திருக்காதீர்கள். மே மாதக் கடைசி வாரத்திலேயே அப்துல் ரஹ்மான் தெருவுக்குப் போய் மொத்த விலைக்கு வாங்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மாடி அறையில் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். முதல் மழை விழுந்துவிட்டால் நம் சந்துக்குள் டெம்போ வராது.