ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

மின்சாரக் கம்பி அறுந்தால் இரண்டு முனைகளையும் முறுக்கி, டேப் சுற்றினால் போதும். அடுத்த நிமிஷம் விளக்கு எரியும். நரம்பு அந்த ரகமல்ல என்பதை என் வலது மணிக்கட்டு எனக்குப் போதித்து வருகிறது.

சென்ற கார்த்திகை மாதம் ஜன்னல் கண்ணாடி உடைந்து விழுந்து, மணிக்கட்டில் ஆழமான வெட்டு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு துண்டாகிவிட்டது. டாக்டர் அதை மயிரிழையினும் மெல்லிய நூலால் தைத்துச் சேர்த்தார்.

"விரல்கள் எப்போது விழித்துக்கொள்ளும், டாக்டர்?"

"கிளம்பவே சில வாரங்கள் பிடிக்கும். அப்புறம் நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். வீட்டில் போய் அளந்து பாருங்கள்!"

பையனின் ஸ்கேலை வைத்து அளந்தேன். விரல் நுனி வரை 180 மில்லிமீட்டர். ஆறு மாதம்! நத்தைகூட இந்த வேகத்தைக் கண்டு சிரிக்கும்.

தைத்த பிறகும் ஏன் தாமதம்? 1850-ல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயர் தவளையின் நாக்கு நரம்புகளை அறுத்துப் பார்த்து விடை கண்டார். நரம்பிழை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாயணு உண்டு. என் விரலில் முடியும் இழையின் தாயணு, கழுத்தருகே முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி, தாயைப் பிரிந்ததால் சிதைந்து மடிந்துபோகிறது, மிஞ்சுவது உறைதான். மேல்முனையிலிருந்து புதுத் தளிர் புறப்பட்டு, அந்தப் பழைய உறைக்குள் ஊர்ந்து போயாக வேண்டும்.

அதுவரை என் விரல்களின் கதி? சட்டைப் பையில் சில்லறைக்கும் சாவிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள், "என்னங்க, டம்ளரைக் கீழே வையுங்க! விரல் பொசுங்குது!" என்று மனைவி அலறித்தான் காப்பி கொதிப்பது எனக்குத் தெரிந்தது. நீண்ட காலம் நரம்பு வந்து சேராத தசை சூம்பிப்போய், பிறகு நரம்பு வந்தாலும் பயன்படாமல் போகும் என்பது இன்னொரு கவலை. தோளில் வெட்டுப்பட்டவரின் பாட்டை நினைத்துப் பாருங்கள். விரலுக்கு எத்தனை தூரம்!

ஆகவே வேகந்தான் விஷயம். வேகத்துக்கு எரிபொருள் வேண்டுமல்லவா? அதைக் கொடுப்பவை மைட்டோகாண்டிரியா. நூல், மணி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, 1898-ல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர் சூட்டிய பெயர். உண்ட உணவை அணுவுக்குச் சக்தியாக மாற்றும் குட்டி உலைகள். (இவை தாய்வழியாக வருபவை. இதைச் சொன்னதுதான் தாமதம், பிள்ளைகளின் சுறுசுறுப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டதென்று என் மனைவி அறிவித்துவிட்டாள்.)

வெட்டுப்பட்ட இடத்திலிருந்த உலைகள் கெட்டு அணைந்துவிடுகின்றன. புதியவை தாயணுப் பக்கத்திலிருந்து வரவேண்டும். கினசின் என்ற புரதம் அவற்றைச் சுமந்துகொண்டு, இழைக்குள் இருக்கும் நுண்குழல்மீது அடிமேல் அடி வைத்து நடக்கிறது. ஓரடிக்கு 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கடக்க ஒன்றே கால் லட்சம் அடி! நம் ரயில்வே போர்ட்டர்கள் கேட்டால் கூலி உயர்வு கேட்பார்கள்.

ஆனால் வளர்ந்த நரம்பில் இந்தப் போக்குவரத்து மந்தம். சின்டாபிலின் என்ற இன்னொரு புரதம் உலைகளை அங்கங்கே ஆணியடித்தாற்போல நிறுத்திவைக்கிறது. இளம் நரம்பில் இது குறைவு. அமைதிக் காலத்தில் நல்ல ஏற்பாடுதான்; அந்தந்த இடத்துக்கு அந்தந்த உலை. இழை அறுந்த அன்றோ, தேவையான இடத்துக்குப் போக முடியாமல் அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்களில் ஷெங் என்பவரின் குழுவினர், சின்டாபிலின் இல்லாமலே பிறந்த சுண்டெலிகளின் கால் நரம்பை நசுக்கிப் பார்த்தார்கள். உலைகள் தாராளமாக நகர்ந்தன; இழைகளும் மற்ற எலிகளைவிட நன்றாக வளர்ந்தன. இது 2016-ல். தண்டுவடத்தில் அறுந்த இழை லேசில் வளராது. 2020-ல் அவர்கள் அங்கேயும் முயன்றார்கள். சின்டாபிலின் இல்லாத எலிகளில் அங்கும் இழைகள் துளிர்த்தன. அணுக்களுக்குச் சக்தி கூட்டும் கிரியாட்டினைக் கொடுத்தபோதும் வளர்ச்சி கூடியது.

இந்தக் கிரியாட்டின் பொடியைத்தான் தேகப்பயிற்சி செய்யும் என் அக்கா மகன் பாலில் கலந்து குடிக்கிறான். "மாமா, உங்களுக்கும் ஒரு ஸ்பூன் போடட்டுமா?" என்றான். எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமென்று பரீட்சையில் தெரிகிற வரை டப்பா அவனிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.