மடை திறக்கும் கணக்கு

நெல்வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. நிறுத்தி வைப்பது பெரும்பாலும் களையை அடக்கத்தான். நீர் மூடிய மண்ணுக்குள் காற்று புகாது. அங்கே பெருகும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளிவிடுகின்றன. வற்றவிட்டு மறுபடி பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறை மீத்தேனையும் நீர்ச்செலவையும் ஒருசேரக் குறைக்கும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாமலே பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும்.

அந்தச் ‘சரியாக’ என்பதில்தான் தொழிலே இருக்கிறது. பழகிய விவசாயி மண்ணில் மயிரிழை வெடிப்பு விழுவதைப் பார்த்து மடை திறப்பார். கண்பார்வைக்கு ஓர் அளவுகோலாக வந்தது வயல்நீர்க் குழாய்: 30 செ.மீ. நீளமுள்ள பிவிசி துண்டு. பாதி மண்ணுக்குள், புதைந்த பாதி முழுக்கத் துளைகள். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும், வயலில் 5 செ.மீ. நிற்குமளவு பாய்ச்ச வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மட்டும் வயல் காயக் கூடாது. காய்ந்தால் பதர் கூடும்.

குழாயின் வாயில் மீயொலி உணரியைப் பொருத்தினால், அது நீர்மட்டத்தை அளந்து சிம் கார்டு வழியே அனுப்பும். மோட்டார் தானே ஓடித் தானே நிற்கும். செயற்கை நுண்ணறிவு இதற்கு அடுத்த படி. ஒரு வயல் எத்தனை நாளில் வற்றுகிறது என்பதைப் பழைய அளவுகளிலிருந்து கற்று, நடவுத் தேதி, ரகத்தின் வயது, மழை முன்னறிவிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். நாளை மழை என்றால் இன்றைய பாய்ச்சலைத் தள்ளிவைக்கும். மேலுர யூரியாவை வற்றிய மண்ணில் இட்டு உடனே பாய்ச்சுவது நல்லது என்பதால், உரமிடும் நாளையும் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் மென்பொருளுக்கு வெளியே இருக்கும். குழாயை மேட்டில் நட்டால் பள்ளத்துப் பயிர் மூழ்கும். பள்ளத்தில் நட்டால் மேட்டுப் பயிர் வாடும். லேசர் கருவியால் சமன்படுத்தாத வயலில் உணரி வைப்பது வீண் செலவு. வரப்பில் நண்டு வளை இருந்தால் நீர் விறுவிறுவென இறங்கும். பயிர் குடித்ததா, வளை குடித்ததா என்று உணரிக்குத் தெரியாது. அது மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருக்கும். வரப்பைச் சுற்றி வரும் ஆளின் வேலை ஆகவே குறைவதில்லை.

தமிழகத்தில் தானியங்கி புதிதும் அல்ல. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைக் கிளப்பிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பல கிணற்றடிகளில் வெகுகாலமாக இருக்கிறது. மின்சாரம் இலவசம், வரப்பு வழிந்தாலும் மோட்டார் ஓடும். ஆள்வேலை மிச்சம், தண்ணீர் மிச்சமில்லை.

காவிரிக் கடைமடையில் கதை வேறு. முறை வைத்து நீர் விடும் வாய்க்காலில், உணரி கேட்கும் நாளில் தண்ணீர் இருக்குமென்ற உறுதி இல்லை. வந்ததைத் தேக்கித்தான் விவசாயி பிழைக்கிறார். கடலோர உவர்நிலத்தைக் காயவிட்டால் உப்பு மேலே ஏறும். எனவே, நினைத்த நேரத்தில் நீர் இறைக்க முடிகிற, மண்ணில் உப்பில்லாத போர்வெல் வயல்களுக்கே இந்த ஏற்பாடு முதலில் பொருந்தும்.